சாரலும் அடைமழையும்: வடகரை வட்டாரத்துப் பயிர்நிலை – ஒரு பார்வை

முன்னுரை

உழவு மழையை நோக்கி நிற்கிறது. மழை காற்றை நோக்கி நிற்கிறது. காற்றோ கதிரவனின் போக்கையும் கடலின் வெம்மையையும் மலையின் அமைப்பையும் நோக்கி நிற்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் அதன் விளைவு உழவனின் களத்துமேட்டில் வந்து முடிகிறது. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறைமையை எண்ணும்போது, மழையின் இன்றியமையாமையை நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பது புலனாகும்.

வடகரை என்னும் பெயரே ஓர் ஆற்றங்கரையைச் சுட்டுவது. மேற்கே மேக்கரை மலைச்சரிவு, அருகில் பண்பொழி, அச்சன்புதூர், கடையநல்லூர், தெற்கே செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் என அமைந்த இவ்வட்டாரம் தமிழ்நாட்டின் பிற பகுதிகளினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டின் பயனையும் பெறும் நிலம் இது. அதனாலேயே இரண்டின் பிழையையும் தாங்க வேண்டிய நிலமும் ஆகிறது. இவ்விரு பருவங்களும் இங்குள்ள பயிர்நிலையை எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு அழிக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடிய சுவர். ஆனால் அச்சுவரில் சில வாயில்கள் உள. பெரியது பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே அமைந்த சிறியது ஆரியங்காவு என்னும் செங்கோட்டைக் கணவாய். 1904ஆம் ஆண்டில் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்த வழியும் இதுவே. ஆண்டுதோறும் அரபிக் கடலின் ஈரக்காற்று நுழையும் வழியும் இதுவே.

இம்மலையில் தோன்றும் சிற்றாறு குற்றாலம், தென்காசி வழியே கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. குண்டாறு, ஐந்தருவியாறு, அரிகர நதி, அனுமன் நதி முதலியன சிற்றாற்றுக்கு நீர் தருவன. கருப்பாநதி அனுமன் நதியோடு சேர, அது வீரகேரளம்புதூர் அருகே சிற்றாற்றை அடைகிறது. கடனா நதியும் ராமநதியும் நேரே தாமிரபரணிப் பக்கம் செல்வன.

இவ்வாறுகளின் தலைப்பில் அணைகள் அமைந்துள்ளன. மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே அமைந்த அடவிநயினார் அணையின் உயரம் 132 அடி. கடனா அணை 85 அடி. ராமநதி அணை 84 அடி. கருப்பாநதி அணை 72 அடி. குண்டாறு அணை 36 அடி. மிகச் சிறியதாகையால் குண்டாறு அணை தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே நிரம்பி வழிவது வழக்கம். அணைகளுக்குக் கீழே அணைக்கட்டுகள், கால்வாய்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் இறங்கும் தொடர் குளங்கள் என ஓர் அடுக்குமுறை உண்டு. மழையை நெல்லாக மாற்றும் கருவி இதுவே.

இதன் தேவையை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் அளவு நீர் வேண்டும். தமிழ்நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையோ ஏறத்தாழ 920 மில்லிமீட்டர்தான். ஆகவே வயலின் மேல் விழும் மழையை மட்டும் நம்பி ஒரு போகம் நெல் விளைவிப்பதும் அரிது. மலையில் பெய்வது ஆறாக வந்தால்தான் நெல் விளையும். இதனால்தான் இங்குள்ள உழவர் மழையை அறிய வானத்தைப் பார்ப்பதற்கு முன் மலையைப் பார்க்கின்றனர். ஊரில் வெயிலடித்தாலும் மலைமுகட்டில் கருமை கட்டியிருந்தால் நாற்றங்காலுக்கு உழவு தொடங்கிவிடும்.

இரு பருவக் காற்றுகள்

கோடையில் வடமேற்கு இந்திய நிலப்பரப்பு கடுமையாகக் காய்கிறது. அங்குக் காற்றழுத்தம் குறைகிறது. தென்னிந்தியப் பெருங்கடலிலிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டித் தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. ஜூன் முதல் நாள் அளவில் அது கேரளக் கரையைத் தொடுவது இயல்பு. மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து கேரளத்தில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. ஆனால் கணவாய் வழியே புகும் காற்று தன் ஈரத்தை முற்றும் இழப்பதில்லை. அதுவே குற்றாலத்தில் சாரலாகிறது.

சாரலுக்கும் மழைக்கும் வேறுபாடு உண்டு. சாரல் நிலத்தை நனைக்கும், குளத்தை நிரப்பாது. குளத்தை நிரப்புவது மலையுச்சியில் பெய்யும் மழை. மேலும் இவ்வீரம் கிழக்கே நெடுந்தூரம் செல்வதில்லை. செங்கோட்டையில் குடை பிடித்து நிற்கும் அதே நாளில், முப்பது நாற்பது கிலோமீட்டர் கிழக்கே ஆலங்குளத்திலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் புழுதிக்காற்று வீசிக்கொண்டிருக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி அப்பகுதிக்கே பெரிதும் பொருந்தும்.

செப்டம்பர் கழிந்தபின் கதிரவன் தெற்கே சாய, காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. அக்டோபர் 20 அளவில் வடகிழக்குப் பருவம் தொடங்குவது இயல்பு. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வுநிலைகளே இம்மழைக்கு ஊற்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்தில் கிடைக்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று மக்கள் வழங்குவது இதனையே. மலையடிவாரம் தொடங்கிக் கரிசல் வரை, வட்டாரம் முழுமைக்கும் பொதுவான மழை இது.

காரும் பிசானமும்

தஞ்சைத் தரணியில் குறுவை, சம்பா, தாளடி என்பர். நெல்லைச் சீமையில் கார், பிசானம் என்பர். கார் என்பது தென்மேற்குப் பருவத்து நெல். பிசானம் என்பது வடகிழக்குப் பருவத்து நெல். பிசானம் என்னும் சொல் கல்வெட்டுகளில் பசானம் எனவும் வழங்கும். தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் கார் ஒன்று; ஆவணியும் புரட்டாசியும் அதற்குரிய திங்கள்கள் என்பர் உரையாசிரியர். இங்குக் கார்நெல் வளர்ந்து முற்றுவதும் அத்திங்கள்களிலேயே என்பது நோக்கத்தக்கது.

கார் நெல்லுக்குக் குறுகிய வயதுடைய வகைகளே ஏற்றவை. 1937ஆம் ஆண்டு முதல் அம்பாசமுத்திரத்தில் இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 அத்தகையது. ஏறத்தாழ 110 நாளில் முற்றுவது. பிசான நெல்லுக்கு 130 நாள் வரை கொள்ளலாம்.

இவ்விரு எண்களை வைத்துக் காலக்கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பருவம் தவறாது வந்து, ஜூன் 5ஆம் நாள் கார் விதை விதைத்தால் செப்டம்பர் 23 அளவில் அறுவடை. வடகிழக்கு மழை தொடங்க இன்னும் ஏறத்தாழ நான்கு வாரம் இருக்கும். நெல் காய்ந்து களஞ்சியம் சேரும், வைக்கோல் கெடாது, நிலம் பிசானத்துக்கு ஒழியும். அக்டோபர் 5இல் பிசான விதை விதைத்தால் பிப்ரவரி 12இல் அறுவடை. பனிக்காலத்தின் மென்மையான வெயிலில் கதிர் பால் பிடித்து முற்றும்.

இனி, தென்மேற்கு மழை ஒரு திங்கள் தாழ்ந்து, ஜூலை 5இல் விதைத்ததாகக் கொள்வோம். அறுவடை அக்டோபர் 23. அதாவது அடைமழையின் வாயிலில். கதிர் சாய்ந்து நீரில் கிடக்கும். நெல் வயலிலேயே முளைவிடும். அறுத்தெடுத்தாலும் ஈரம் போகாது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. சாலையோரத்திலும் களத்திலும் நெல்லைக் கொட்டித் தார்ப்பாயால் மூடி வெயிலுக்குக் காத்திருக்கும் உழவன், காத்திருக்க முடியாதபோது தனி வணிகரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். துன்பம் இத்துடன் முடிவதில்லை. கார் தாழ்ந்ததால் பிசானமும் தாழும். நவம்பர் 5இல் விதைத்த பிசானம் மார்ச் 15இல்தான் அறுவடைக்கு வரும். பூக்கும் காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குத் தள்ளிப்போகும். அதற்குள் குளங்கள் வற்றத் தொடங்கும், வெயிலும் ஏறும். பூக்கும் வேளையில் வெம்மை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும்.

ஆகவே ஒரு பருவத்தின் தாழ்வு அப்பருவத்தோடு நிற்பதன்று; அடுத்த பருவத்தையும் உடன் இழுத்துச் செல்வது. வடகரை வட்டாரத்துப் பயிர்நிலையின் அடிப்படை உண்மை இதுவே எனலாம். மொத்த மழை எவ்வளவு என்பதைவிட, எந்தத் திங்களில் பெய்தது என்பதே இங்கு முதன்மையான வினா.

மழை சரியாக வந்தாலும் பிற இடர்கள் உண்டு. தொடர்ந்த சாரலும் மேகமூட்டமும் வெயிலைக் குறைக்கும். குளிர்ந்த இரவு, இலைமேல் நெடுநேரம் தங்கும் ஈரம் ஆகியன குலைநோய்க்கு ஏற்ற சூழல். இதனைக் கண்டு தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் நோய் மேலும் பெருகும். மார்கழிப் பனியிலும் இதே இடர் பிசானத்துக்கு உண்டு. கார்நெல் பூக்கும் வேளையில் கணவாய்க் காற்று மிகக் கடுமையாக வீசினாலும் பதர் மிகும்.

மானாவாரியும் தோப்பும்

கிழக்கே செல்லச் செல்ல நெல் குறைந்து மானாவாரி மிகுகிறது. கரிசல் நிலம் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் இயல்புடையது. புரட்டாசியின் முதல் மழையில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, தையில் எடுப்பது அங்குள்ள முறை. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, சூரியகாந்தி ஆகியன அப்பயிர்கள். எழுபது நாளில் முடியும் உளுந்துக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் நீர் போதும். ஆனால் அது பூக்கும் காலத்தில் இரண்டு வாரம் மழை இடைவெளி விட்டால் பூ உதிரும். காய் முற்றும் காலத்தில் மழை விடாது பெய்தால் நெற்று செடியிலேயே முளைக்கும். 2018ஆம் ஆண்டு முதல் தமிழகத்து மக்காச்சோளத்தைத் தாக்கிவரும் படைப்புழுவும் மழை இடைவெளி நீளும்போது பெருகுவது. பாவூர்ச்சத்திரம் சந்தைக்கு வரும் தக்காளி, சின்ன வெங்காயம் ஆகியவற்றின் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மழையைப் பொறுத்ததே.

மேற்கே மலையடிவாரம் தோப்புகளின் நிலம். மாமரம் மார்கழி, தைத் திங்களில் பூப்பது. அப்போது பருவந்தப்பி மழை பெய்தாலும் பனி மிகுந்தாலும் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்தைக் கருக்கிவிடும். நெல்லுக்கு நெய்யாகும் தை மழை மாவுக்கு நஞ்சாகும். எலுமிச்சைக்குப் புகழ்பெற்ற புளியங்குடியில், சிறிது வறட்சி கண்டபின் பெய்யும் மழையே பூவைத் தூண்டுகிறது. அதே மழை மிகுந்தால் பூ உதிர்கிறது. தென்னையின் கணக்கு இவை எல்லாவற்றினும் வேறு. பாளை மரத்தினுள் உருவாகத் தொடங்கிய நாள் முதல் தேங்காய் முற்றும் நாள் வரை மூன்று ஆண்டுகளுக்கு மேற்படும். ஆதலின் ஓர் ஆண்டின் வறட்சி, மழை நன்றாகப் பெய்த பிந்திய ஆண்டுகளிலும் காய்க்குறைவாக வெளிப்படும். நெல் கடன்பட்டவனைப் போல உடனே அழும். தென்னை மானமுள்ளவனைப் போல நாள்கடந்து அழும் என்று கூறலாம்.

காலம் பிறழ்தல்

அண்மை ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் சில ஈண்டு எண்ணத்தக்கன. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 

2023ஆம் ஆண்டு வேறொரு பாடம் தந்தது. பசிபிக் பெருங்கடல் நீர் வெம்மையுறும் எல் நினோ என்னும் நிலை அவ்வாண்டு தோன்றியது. இந்நிலை தென்மேற்குப் பருவத்தைத் தளர்த்துவதும் தமிழகத்து வடகிழக்குப் பருவத்தைப் பல வேளைகளில் வலுப்படுத்துவதும் உண்டு. அவ்வாண்டு கேரளத்தில் பருவமழை ஒரு வாரம் தாழ்ந்து ஜூன் 8இல் தொடங்கியது. ஆகஸ்டு திங்கள், 1901க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வட்டாரம் ஓராண்டு முழுதும் பெறும் மழையை ஒட்டிய அளவு இது. தாமிரபரணிப் பாசன நிலத்தில் நெல்லும் வாழையும் நீரில் மூழ்கின. ஆண்டுக் கூட்டலில் மழை குறைவில்லை என்றே கணக்கு காட்டும். உழவனுக்கோ காய்ந்ததும் கேடு, பெய்ததும் கேடு.

பருவத் தொடக்கமும் நிலைகொள்ளவில்லை. 2024இல் மே 30ஆம் நாளும், 2025இல் மே 24ஆம் நாளும் கேரளத்தில் பருவமழை தொடங்கியது. முன்கூட்டி வருவதும் எப்போதும் நன்மையன்று. நாற்றங்கால் ஆயத்தமாகாத நிலத்தில் ஓடிய நீர் அணையில் தங்கினால் உண்டு. இல்லையேல் கடலுக்குச் சென்றுவிடும். இரவு வெம்மையும் கருதத்தக்கது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2004இல் வெளிவந்த ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்த வெம்மை ஒரு பாகை உயர்ந்தால் நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. பகலில் ஈட்டிய மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சாகச் செலவிட்டுவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இப்பிறழ்ச்சியின் சுமையை எல்லோரும் ஒப்பத் தாங்குவதில்லை. நிலவுடைமையாளனுக்கு ஒரு போகம் போனால் வரவு குறையும். குத்தகைக்கு உழுபவனுக்கோ மழை பொய்த்தாலும் குத்தகை பொய்ப்பதில்லை. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கார்ப் பருவத்து உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடும், பிசானப் பருவத்துக்கு 1.5 விழுக்காடும் உழவர் செலுத்த வேண்டிய பங்கு. ஆனால் விளைச்சல் இழப்பு பொதுவாக அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியளவில் அறுவடைச் சோதனை வழியே கணிக்கப்படுகிறது. பகுதி விளைந்து தன் வயல் மட்டும் பொய்த்தவன் இழப்பு அக்கணக்கில் எளிதில் தெரிவதில்லை. பருவமோ நாள் மாறி வருகிறது. பதிவுக்குரிய கடைசி நாளோ நாட்காட்டியில் முன்னரே குறிக்கப்பட்டுவிடுகிறது.

பிறையும் பரிதியும்

இவ்வட்டாரத்து முஸ்லிம் உழவர்கள் பற்றிய ஒரு செய்தி மாணவர்க்குச் சுவை பயக்கும். நோன்பும் பெருநாளும் பிறைக்கணக்கில் வருவன. பிறையாண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டது. கதிராண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் திங்கள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். இக்கணக்கை வைத்து விதைக்க இயலாது. எனவே நோன்புக்குப் பிறையைப் பார்த்த கண்ணே, நாற்றுக்கு ஆனியையும் ஆடியையும் பார்த்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கு எல்லா வீட்டுக்கும் உரிய சொல். மழை பொய்த்த ஆண்டுகளில் பள்ளிவாசல்களில் மழைத்தொழுகை நடத்துவதும் சிற்றூர்களில் மழைச்சோறு எடுப்பதும் ஒரே வானத்தை நோக்கிய வேண்டுதல்களே.

இலக்கியமும் இதற்குச் சான்று பகரும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது மேகம், மலை, வெள்ளம், வயல், நடவு எனத் தமிழ் மருதநிலத்தையே நம் கண்முன் நிறுத்துகிறார். பாலை நாட்டைப் பாடவந்த புலவர்க்கும் வளம் என்றால் நெல்வயலே நினைவுக்கு வந்தது. முக்கூடற்பள்ளோ நம் சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் இடத்தையே களமாகக் கொண்டது. மழைக்குறி, ஆற்று வெள்ளம், நெல்வகை, மாட்டுவகை, உழவுக் கருவி ஆகியவற்றை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. அதனை இலக்கியமாக மட்டுமன்றி, இவ்வட்டாரத்து வேளாண்மைப் பதிவேடாகவும் கற்றல் தகும்.

செய்யத்தக்கன

வானிலை ஆய்வுத்துறையின் முன்னறிவிப்புகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆயினும் கணவாய்க் காற்றின் போக்கில் ஊருக்கு ஊர் மழை மாறும் இவ்வட்டாரத்துக்கு ஊர்தோறும் மழைக்கணக்கு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4047 லிட்டர் நீராகும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தத்தம் ஊரில் எளிய மழைமானி ஒன்று வைத்து நாள்தோறும் குறித்து வந்தால் பத்தாண்டில் அது பெருஞ்செல்வமாகும். கார் தாழ்ந்த ஆண்டில் குறைந்த வயதுடைய நெல்லையோ உளுந்தையோ நாடுவது, தூர்ந்த கால்வாயை மழைக்கு முன் தூர்வாருவது, கூட்டாக உலர்களங்கள் அமைப்பது ஆகியன ஊர்ப் பெரியோர் கூடி முடிவு செய்யத்தக்கன.

தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு. பட்டம், பதம், பிசானம், புழுதி உழவு, நெற்று, பதர் என்பன வெறும் சொற்கள் அல்ல. பல தலைமுறைகள் காற்றையும் மண்ணையும் கவனித்துச் சேர்த்த அறிவு. வளைகுடா நாட்டு வேலையை நாடி இளைஞர் செல்லும் இக்காலத்தில், வயலை விட்டுப் போகும் பிள்ளைகளோடு இச்சொற்களும் போய்விடுகின்றன. தாத்தாவிடமும் பாட்டியிடமும் அமர்ந்து இவற்றைத் தொகுப்பது மாணவர் செய்யத்தக்க நல்லாய்வாகும்.

முடிவுரை

சாரல் காருக்கும் அடைமழை பிசானத்துக்கும் உரியவை. இரண்டுக்கும் இடையே உள்ள அந்த நான்கு வார வெயிலே வடகரை வட்டாரத்து உழவனின் உயிர்நாடி. அவ்விடைவெளி சுருங்கினால் இரு போகமும் கெடும் என்பதை மேற்கண்ட கணக்குகள் காட்டின. மழையை வருவிக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. வரும் மழையின் போக்கை அறிந்து விதையையும் நீரையும் நாளையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் அறிவு மனிதனுக்கு அளிக்கப்பட்டுள்ளது. குறுகிவரும் அந்த நான்கு வாரத்தை நெல்லுக்குக் காத்துக்கொடுக்க அவ்வறிவைப் பயன்படுத்துதல் கற்றோர் கடனாகும்.